லெவல் ஏறினா மட்டும் போதுமா? எது உண்மையான 'ரோல் பிளேயிங்' கேம்? எளிய விளக்கம்!

சேலம், நாமக்கல் பக்கம் கோயில் திருவிழா என்றால் விடிய விடிய தெருக்கூத்து நடப்பதுண்டு. பாரதக் கதை தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். குந்தி வந்து, தம்பிகளோடு சேர்ந்துகொள் என்று கர்ணனை அழைப்பாள். அவன் மறுத்துவிடுவான். யார் வேஷம் கட்டினாலும், எந்த ஊரில் ஆடினாலும் பதில் அதுதான்.

அந்த இடத்தில் கர்ணன் "சரி, வர்றேன்" என்று சொல்லியிருந்தால்? போர் நடந்திருக்குமா? துரியோதனன் என்ன செய்திருப்பான்?

அந்தப் பதிலை ஆடுபவர் கையில் கொடுப்பதுதான் ஆர்.பி.ஜி. எனப்படும் ரோல் பிளேயிங் கேம். ஆனால், ப்ளே ஸ்டோரில் இந்தப் பெயரில் வரும் எல்லா கேமும் அப்படி இல்லை. இதில் நம்ம பாக்கெட் பணமும் சம்பந்தப்பட்டிருக்கு.

எங்கிருந்து வந்தது?

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தான் தொடக்கம். அது வீடியோ கேமே கிடையாது. காகிதம், பென்சில், பகடை, சுற்றி உட்கார நாலு பேர், அவ்வளவுதான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். பலம், புத்தி எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. "கதவை உடைக்கிறேன்" என்றாலும் சரி, "காவலாளியிடம் பேசிப் பார்க்கிறேன்" என்றாலும் சரி, கதை அதற்கேற்ப நகரும்.

இது கம்ப்யூட்டருக்கு வந்தபோது, மதிப்பெண்ணைக் கணக்குப் போடுவது சுலபமாக இருந்தது. எந்த முடிவுக்கும் ஈடுகொடுக்கும் கதையை உருவாக்குவதுதான் கஷ்டம். அதனால் பல கேம்களில் லெவல் மட்டும் தங்கிவிட்டது. வேஷம் காணாமல் போனது.

கண்டுபிடிக்க 3 கேள்விகள்

1. பாத்திரம் எப்படிப்பட்டவர் என்பதை ஆடுபவர் தீர்மானிக்கிறாரா?

2. ஆடும் விதத்துக்கு ஏற்ப பாத்திரம் வளர்கிறதா? மந்திரம் கற்றால் வாள்வீச்சு குறையும் என்பது போல, ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட வேண்டியிருக்கிறதா?

3. எடுத்த முடிவுக்கு அந்த உலகம் பதில் சொல்கிறதா?

பெல்ஜியம் நாட்டு லாரியன் நிறுவனத்தின் 'பால்டர்ஸ் கேட் 3' (2023) மூன்றுக்கும் 'ஆமாம்' சொல்லும். 'பைனல் பேன்டஸி' போன்ற ஜப்பான் கேம்களில் கதை பெரும்பாலும் மாறாது. ஆனாலும் பாத்திரங்களை வளர்த்து, அணி சேர்க்கும் விதத்துக்காக அவையும் ஆர்.பி.ஜி. தான். ரசிகர்கள் மத்தியில் சண்டை நடப்பதே இங்கேதான்!

நம்ம நாட்டு உதாரணம்

புனேவைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் நிறுவனத்தின் 'ராஜி' 2020-ல் வெளியானது. தம்பியைத் தேடிப் போகும் பெண், துர்கை தந்த ஆயுதத்தோடு அசுரர்களை எதிர்க்கிறாள். ஆயுதத்தின் சக்தியைக் கூட்டலாம். ஆனால் கதை ஒரே பாதையில்தான் போகும். அதனால் அது ஆக்ஷன் அட்வென்ச்சர்; ஆர்.பி.ஜி. இல்லை.

போபாலைச் சேர்ந்த பைரோடாக்டில் நிறுவனத்தின் 'அன்ரெஸ்ட்' (2014) நேர் எதிர். பழங்கால இந்தியா போன்ற கற்பனை நகரத்தில் பஞ்சம். சண்டை மிகக் குறைவு, பெரும்பாலும் பேச்சுதான். கட்டாயக் கல்யாணத்தை எதிர்கொள்ளும் கிராமத்துப் பெண்ணாக ஆடினால், என்ன பதில் சொல்வது என்பது நம் கையில். வாள் சுழற்றாமலே அது ஆர்.பி.ஜி.

காசு எங்கே வருது?

மொபைலில் இலவசமாக வரும் பல ஆர்.பி.ஜி.களில் அரிய ஹீரோவோ வாளோ வேண்டுமென்றால் காசு கட்டி 'லக்' பார்க்க வேண்டும். என்ன கிடைக்கும் என்பது திறக்கும் வரை தெரியாது. இப்படிக் காசுக்கு விற்கப்படும் 'லூட் பாக்ஸ்' சூதாட்டச் சட்டத்துக்கு எதிரானது என்று பெல்ஜியம் 2018-லேயே சொல்லிவிட்டது.

இந்தியாவில் 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி பணம் ஜெயிக்க ஆடும் கேம்களைத்தான் தடை செய்கிறது. கேமுக்குள் வாள் வாங்கும் செலவு வேறு ரகம். அதனால் கவனமாக இருக்க வேண்டியது நாம்தான். பிள்ளைகள் கையில் போன் கொடுக்கும் முன், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் மாற்றிவிடுங்கள்.

அடுத்த முறை ஒரு கேம் 'ரோல் பிளேயிங்' என்று சொன்னால், லெவலைப் பார்க்காதீர்கள். பாத்திரம் வளர்வது நீங்கள் எடுக்கும் முடிவாலா, நீங்கள் கட்டும் காசாலா என்று பாருங்கள். காசால் என்றால், அங்கே வேஷம் கட்டுவது நீங்கள் இல்லை, உங்கள் பர்ஸ்!