லாயத்து வாசம் – 11: சாம்பல் குதிரையும் சொட்டு நீலமும்

முத்து இரவில் வலப்பக்கம்தான் சாய்ந்து படுப்பாள். படுத்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் காலையில் கதவைத் திறந்தால் வலது தொடையில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு தேசப்படம் விரிந்திருக்கும். பின்னங்கால் முட்டியில் வெற்றிலைச் சாறு வழிந்தாற்போல் ஒரு பழுப்பு. சில நாள் கன்னத்திலும் இருக்கும். லத்தியைத் தலையணையாக வைத்துத் தூங்கியிருக்கிறாள் என்று பொருள். பக்கத்துக் கொட்டடியில் நிற்கும் செங்கபிலக் குதிரையும் ராத்திரி முழுக்க அப்படித்தான் புரண்டிருக்கும். அதன்மேல் ஒன்றும் தெரியாது. நாலு இழுப்பு பிரஷ் போட்டால் அதன் வேலை முடிந்தது. முத்துவுக்கு முக்கால் மணி நேரம்.

போன வாரம் லாடத்தோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் கறை.

குதிரை நின்றபடியே தூங்கும் என்று பள்ளியில் படித்தது பாதி உண்மை. நின்றபடி கண்ணயரும். கனவு வருகிற ஆழ்ந்த தூக்கத்துக்கு அது தரையில் படுத்தே ஆக வேண்டும். நாளுக்கு அரை மணியோ ஒரு மணியோ போதும். சிக்கல் என்னவென்றால், அந்த அரை மணி நேரமும் கழிவறையிலேயே கழிகிறது. வளர்ந்த குதிரை ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிலோ லத்தி போடும், மூத்திரம் தனி.

முத்துவை எல்லோரும் வெள்ளைக் குதிரை என்பார்கள். குதிரைக்காரர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள், அவள் சாம்பல். வேற்றுமை தெரிய வேண்டுமானால் மூக்கைப் பாருங்கள். வடக்கே நுக்ரா என்று விலை வைத்துப் பேசும் குதிரை பிறவியிலேயே வெள்ளை, மூக்குத் தோலும் இளஞ்சிவப்பு. சாம்பல் குதிரைக்கு மூக்கு கறுப்பு, உடம்பெங்கும் தோலும் கறுப்பு. கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, ஆண்டுக்கு ஆண்டு நரைத்துக்கொண்டே போகும். வியன்னாவின் ஸ்பானிய சவாரிப் பள்ளியில் பால் வெள்ளையாக வலம் வரும் லிப்பிஸானர்களும் இந்த வகைதான். பீபர் பண்ணையில் அவற்றின் குட்டிகளைப் பார்த்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். முழுக்க வெளுக்க 6 முதல் 10 வயது வரை ஆகும். எல்லாம் ஒரு மரபணு செய்கிற வேலை. எஸ்டிஎக்ஸ்17 என்ற அந்த மரபணுவுக்குள் ஏறத்தாழ 4,600 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு இரட்டித்துக் கிடப்பதை ஸ்வீடனின் உப்சாலாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2008இல் கண்டுபிடித்தது. எல்லாச் சாம்பல் குதிரைகளும் ஒரே மூதாதையிடமிருந்து இதைப் பெற்றவை என்பது அவர்கள் கணிப்பு.

ஆக, நாம் துலக்குவது வெள்ளைப் பூச்சை அல்ல, நிறம் இழந்த முடியை. உள்ளே சாயமே இல்லாத முடி எந்தச் சாயம் வந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

வருவது ஒரு சாயம் அல்ல, இரண்டு. லத்தியின் பச்சை தழையிலிருந்து வருவது. மூத்திரத்தின் கதை வேறு. வெளியே வரும்போது கலங்கிய மஞ்சளாகத்தான் இருக்கும். அதிலுள்ள பைரோகேட்டகின் என்ற பொருள் காற்றுப் பட்டதும் பழுப்பாகும். பனி விழும் ஊர்களில் குதிரை நின்ற இடம் செம்மஞ்சளாக மாறி, ரத்தம் போகிறதோ என்று புதிதாகக் குதிரை வாங்கியவர்களை அலற வைக்கும். போதாக்குறைக்கு, தரையில் தேங்கிய மூத்திரம் அழுகி அம்மோனியா கிளம்பும். அம்மோனியா காரம். காரம் பட்டால் முடி உப்பும். அதன் மேலே ஓடு வேய்ந்தாற்போல் படிந்திருக்கும் செதில்கள் தூக்கிக்கொள்ளும். சாயம் உள்ளே இறங்கும். தலைக்குச் சாயம் போடும் குழம்பிலும் அம்மோனியா இருப்பது இதற்காகத்தான். காசு கொடுத்து நாம் செய்துகொள்வதை முத்து படுத்தபடியே செய்துகொண்டாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கறையைக் கண்டதும் வாளித் தண்ணீரும் சோப்புமாகப் பாய்ந்தேன். லாயத்தில் வயதில் மூத்தவர் ஒருவர் இருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஈரத்துல தேய்க்காதீங்க தம்பி. காயட்டுங்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஈர லத்தியைத் தேய்த்தால் அது போகாது, பரவும். உள்ளங்கையளவு கறையை நான் முறம் அளவு ஆக்கியிருந்தேன். காய்ந்த பிறகு ரப்பர் பிரஷை வட்ட வட்டமாக ஓட்டினால் பாதிக்கு மேல் பொடியாக உதிர்ந்துவிடும். மிச்சத்தோடுதான் நமக்குச் சண்டை.

அந்த மிச்சப் பச்சைக்குத் தண்ணீர் உதவாது. ஒன்பதாம் வகுப்புச் சோதனைச்சாலையை நினைத்துப் பாருங்கள். இலையை வெந்நீரில் போட்டால் பச்சை அப்படியே இருக்கும். ஸ்பிரிட்டில் வைத்துச் சுடவைத்தால் இலை வெளுத்து, ஸ்பிரிட் பச்சையாகிவிடும். பச்சையம் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். ஒரு துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தால் துணி பச்சையாவதைக் கண்ணால் பார்க்கலாம். (சுடவைக்க வேண்டாம். புண் இருக்கும் இடத்திலும் முகத்திலும் தொடவே கூடாது.) மூத்திரப் பழுப்புக்கு நீர் கலந்த வினிகர், காரத்தை அமிலம் தணிக்கும், தூக்கி நின்ற செதில்கள் படியும். வெளிநாட்டுக் குதிரைப்படைகளில் கரித்தூளும் பழக்கத்தில் இருந்தது. கறையின் மேல் ஈரக் கரியை அப்பி, காயவிட்டு, தட்டி உதறுவார்கள். வெள்ளை முடியில் கரியா என்று கேட்கிறவர்கள், உமிக்கரியால் பல் துலக்கிய பாட்டியிடம் விசாரித்துக்கொள்ளலாம்.

பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். முடி பொரிந்துபோவது ஒருபுறம். குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமீன் என்ற நச்சுவாயு கிளம்பும். மூடிய லாயத்தில் குதிரைக்கும் ஆளுக்கும் மூச்சு முட்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு மங்கல் மஞ்சள் தங்கும். அதற்குத்தான் ஊதா ஷாம்பூ. அது கறையை எடுப்பதில்லை, கண்ணை ஏமாற்றுகிறது. மஞ்சளுக்கு எதிர்நிறம் ஊதா. இரண்டும் சேர்ந்தால் மஞ்சள் அடங்கி வெளுப்பாகத் தெரியும். வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிற அதே கணக்கு. வேட்டிக்கு நீலம் கூடினால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஷாம்பூவைப் பூசிவிட்டு டீ குடிக்கப் போனேன், பேச்சு நீண்டுவிட்டது. மறுநாள் சவாரி பழக வந்த பிள்ளைகளில் ஒரு சின்னப் பெண் முத்துவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். “அண்ணா, இது எப்பவும் கத்திரிப்பூ கலர்லதான் இருக்குமா?” என்றாள்.

நிறம் மாற்றுவதில் என்னைவிடப் பெரிய கைகாரர்கள் உண்டு. பிரிட்டனின் ராயல் ஸ்காட்ஸ் கிரேஸ் படைக்கு ஒரு காலத்தில் அடையாளமே சாம்பல் குதிரைகள். 1815இல் வாட்டர்லூவில் அவை பாய்ந்ததைப் பின்னாளில் ஓவியமாகவே தீட்டினார்கள். தலைமுறை தலைமுறையாகத் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக வைத்திருந்த அதே படை, 1914இல் பிரான்சுக்குப் போனதும் குதிரைகளுக்குப் பழுப்புச் சாயம் பூச வேண்டிவந்தது. வெள்ளைக் குதிரை எதிரியின் துப்பாக்கிக்கு எடுப்பான குறி. எந்தப் படை வந்திருக்கிறது என்பதையும் தூரத்திலேயே சொல்லிவிடும். கறை கேட்டு வாங்கப்பட்ட காலம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

குதிரையின் மேல் கறையோடு மல்லுக்கு நிற்பதே தாமதம் என்று எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது. தினமும் ஷாம்பூ போட்டுப் போட்டு முத்துவின் முடியில் இயல்பாக ஊறும் எண்ணெய்ப் பசையை நானே கழுவி எடுத்திருந்தேன். பசை போன முடி அடுத்த கறையை இன்னும் ஆசையாகக் குடிக்கும். பிறகு ஷாம்பூவைக் குறைத்தோம். ராத்திரி கடைசியாக ஒரு முறை லத்தியை வாரி, நனைந்த வைக்கோலை அள்ளிப் போட்டுவிட்டு, தரை தெரியாதபடி புது வைக்கோலைத் தாராளமாகப் பரப்பினோம். வைக்கோல் செலவு கூடிற்று, ஸ்பிரிட் செலவு குறைந்தது. வலது தொடையின் தேசப்படம் ஒரு சின்னத் தீவாகச் சுருங்கியது.

வாலை மட்டும் விடாமல் கழுவினேன். அதற்குக் காரணம் வேறு. முடியை நரைக்க வைக்கும் அதே மரபணுதான் கறுப்புத் தோலில் மெலனோமா கட்டிகளையும் வரவழைக்கிறது. 15 வயதைத் தாண்டிய சாம்பல் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு அவை வரும். வாலின் அடிப்புறமும் ஆசனவாயைச் சுற்றிய இடமும்தான் அவை விரும்பும் இடங்கள். பட்டாணி போல் ஒன்று நெருடினால் அன்றே கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். பல ஆண்டு சும்மா கிடக்கும் கட்டியும் உண்டு, சும்மா இராததும் உண்டு. பிரஷ் பிடித்த கைக்கு அது தட்டுப்படாது. நுரை பூசிய விரலுக்குத் தட்டுப்படும்.

உடம்பு முடியில் நிஜமாகவே ஊறிய கறைக்கு மருந்து ஒன்றுதான்: முடி உதிரும் பருவம். பழைய முடி கொத்துக்கொத்தாக பிரஷில் வந்துவிடும், கறையும் கூடவே போகும். வால்முடி அப்படிப் பருவத்துக்குப் பருவம் உதிர்வதில்லை. நீண்டு தொங்கும் முடி ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது. முத்துவின் வால் நுனியில் ஒரு சாண் அளவுக்குப் பழைய மஞ்சள் இருந்தது. நான் சேருவதற்கு முன்பே பிடித்த கறை. வினிகர், ஸ்பிரிட், ஊதா எல்லாம் பார்த்தாயிற்று. நான் வேலையை விட்டுக் கிளம்பிய அன்றும் அது இருந்தது.

(தொடரும்)