ஐந்து சனி, ஐந்து புதன்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேரும் அரியலூர் மாவட்டத்தில் 7,54,894 பேரும் இருந்தனர். தமிழகம் முழுவதும் நகர்ப்புறத்தில் வாழ்ந்தவர்கள் 48.4 சதவீதம். பெரம்பலூரில் அது 17.2 சதவீதம், அரியலூரில் 11.1 சதவீதம். பெரும்பாலோர் வாழும் கிராமத்து வீட்டுக்குள் பணம் ஒரே தேதியில் வருவதில்லை. சிமென்ட் மூட்டை ஏற்றுபவருக்கு வாரக் கூலி, ஜவுளிக் கடைக்குப் போகும் மகளுக்கு மாதச் சம்பளம், அம்மாவுக்கு நூறு நாள் வேலைக் கூலி, காட்டில் வருடத்துக்கு ஒரு மக்காச்சோள வெள்ளாமை என்று ஒரே கூரையின் கீழ் நான்கு வகை வருமானம் சேரக்கூடும். நான்குக்கும் நான்கு தேதி.

தேதி பற்றிச் சட்டத்தில் தெளிவு இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டம், 2019-இன்படி நாள் கூலியை அன்றைய வேலை முடிந்ததும் தர வேண்டும். வாரக் கூலியை வாரத்தின் கடைசி வேலை நாளிலும், இருவாரக் கூலியை அந்த இருவாரம் முடிந்த 2 நாட்களுக்குள்ளும், மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள்ளும் தர வேண்டும். மாதச் சம்பளக்காரர் 1-ஆம் தேதி செய்த வேலைக்கு 37 நாள் வரை காத்திருக்கலாம்; வாரக் கூலிக்காரர் அதிகபட்சம் 5 நாள். அந்த வகையில் வாரக் கூலி வசதியானது. அதன் சிக்கல் மாதக் கணக்கில் வருகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு: நாளுக்கு 500 ரூபாய், வாரத்துக்கு 6 நாள், சனிக்கிழமை கையில் 3,000 ரூபாய். மாதத்துக்கு 4 வாரம் என்று எடுத்தால் 12,000 ரூபாய். ஆனால் ஆண்டுக்கு 52 வாரம். மொத்தம் 1,56,000 ரூபாய், மாதச் சராசரி 13,000 ரூபாய். விடுபடும் 4 வாரக் கூலி 12,000 ரூபாய். 2026 நாட்காட்டியில் ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர் ஆகிய 4 மாதங்களில் 5 சனிக்கிழமைகள் உள்ளன. மற்ற 8 மாதங்களில் 4 மட்டுமே.

இதே வீடு குழுக் கடனுக்குப் புதன்கிழமைதோறும் 700 ரூபாய் தவணை கட்டுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 36,400 ரூபாய். 2026-இல் 5 புதன்கிழமைகள் வரும் மாதங்கள் ஏப்ரல், ஜூலை, செப்டம்பர், டிசம்பர். 5 சனிக்கிழமை வரும் மாதம் ஒன்றுகூட இதில் இல்லை. ஜனவரியில் 15,000 ரூபாய் வந்து 2,800 ரூபாய் தவணை போனால் மிச்சம் 12,200 ரூபாய். ஏப்ரலில் 12,000 ரூபாய் வந்து 3,500 ரூபாய் தவணை போனால் மிச்சம் 8,500 ரூபாய். கூலியும் மாறவில்லை, கடனும் மாறவில்லை. இரண்டு மாதங்களுக்கு இடையே வித்தியாசம் 3,700 ரூபாய். பிப்ரவரி, மார்ச், ஜூன், நவம்பர் மாதங்களில் மிச்சம் 9,200 ரூபாய்.

தவணையின் பாரத்தைச் சதவீதத்தில் பார்த்தால் ஜனவரியில் 18.7, ஏப்ரலில் 29.2. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 1 முதல் சிறுகடன்களுக்கு வைத்துள்ள வரம்பு, குடும்பத்தின் மாத வருமானத்தில் 50 சதவீதம். இந்த வீடு விதிக்கு உட்பட்டே இருக்கிறது. ஆனாலும் ஏப்ரலில் மளிகைக் கடை நோட்டில் பாக்கி ஏறுகிறது.

நூறு நாள் வேலையில் தாமதம் பெரிது. தமிழகத்தில் அதன் கூலி 2017-18-இல் நாளுக்கு 205 ரூபாய், 2024-25-இல் 319 ரூபாய், 2025-26-இல் 336 ரூபாய். அந்த ஆண்டுகளின் விதிப்படி 15 நாட்களுக்குள் கூலி வர வேண்டும். தவறினால் நாளுக்கு 0.05 சதவீத இழப்பீடு. 2024 நவம்பர் 27-க்குப் பிறகு சேர்ந்த கூலி நிலுவைக்காக 1,056 கோடி ரூபாயை விடுவிக்குமாறு 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2024-25 விகிதப்படி 6 நாள் கூலி 1,914 ரூபாய். 30 நாள் தாமதத்துக்கு இழப்பீடு 28.71 ரூபாய். அதே 1,914 ரூபாயை மூணு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு, வாங்கினால் 57.42 ரூபாய். இழப்பீடு முழுதாக வந்தாலும் வட்டியில் சரிபாதிதான் அடையும்.

மக்காச்சோளத்துக்குப் பதில் கரும்பு போட்ட வீட்டில் தொகை பெரிது, இடைவெளியும் பெரிது. 2024-25 அரவைப் பருவத்தில் 9.5 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ சர்க்கரைப் பிழிதிறன் உள்ள கரும்புக்கு மத்திய அரசின் விலை டன்னுக்கு 3,151 ரூபாய். மாநில ஊக்கத்தொகை 349 ரூபாய். மொத்தம் 3,500 ரூபாய். ஏக்கருக்கு 40 டன் என்றால் 1,40,000 ரூபாய். 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஆலை 14 நாட்களுக்குள் கிரயத்தைத் தர வேண்டும். மீறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. கணக்கு எளிதாக இருக்க முழுத் தொகையும் 30 நாள் தாமதமானதாகக் கொண்டால் இந்த வட்டி 1,726 ரூபாய். மூணு வட்டிக்கு அது 4,200 ரூபாய். இடைவெளி 2,474 ரூபாய் விவசாயியின் தலையில்.

தேதி தவறாத சிறு தொகைக்கு மதிப்பு அதிகம். 2023 செப்டம்பர் 15-இல் சுமார் 1.06 கோடி பெண்களுக்குத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 12,000 ரூபாய். 5-ஆவது வாரங்களில் வரும் 4 கூலிகளின் மொத்தமும் இதே 12,000 ரூபாய். ஒன்று மாதந்தோறும் வருகிறது. மற்றது ஆண்டுக்கு 4 முறை வந்து, வந்த மாதத்திலேயே செலவாகிவிடுகிறது.

இனி வீட்டுக் கணக்கு. தவணை போக ஆண்டு மிச்சம் 1,19,600 ரூபாய். மாதம் 9,950 ரூபாய் என்று ஒரே அளவாகச் செலவு செய்தால் ஜனவரி முடிவில் கையிருப்பு 2,250 ரூபாய், மார்ச் முடிவில் 750 ரூபாய், ஏப்ரல் முடிவில் 700 ரூபாய் பற்றாக்குறை. ஜூலை முடிவில் 650 ரூபாய் பற்றாக்குறை. மற்ற 10 மாத முடிவுகளிலும் பற்றாக்குறை இல்லை. டிசம்பர் முடிவில் 200 ரூபாய் மிஞ்சும். ஆக, ஜனவரி 1-இல் 700 ரூபாய் கையில் இருந்தால் ஆண்டு முழுதும் மாத முடிவில் கைமாத்து தேவையில்லை. அது ஒரே ஒரு புதன்கிழமைத் தவணை.

இதற்கு இரண்டு வரம்புகள் உண்டு. 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில் தமிழக ஊரகச் சராசரி நபருக்கு மாதம் 5,701 ரூபாய். 4 பேருக்கு 22,804 ரூபாய். 9,950 ரூபாய் அதில் 43.6 சதவீதம். மீதியை மகளின் சம்பளமும் மற்ற வருமானங்களும் சுமக்க வேண்டும். அடுத்தது, மழையோ காய்ச்சலோ ஒரு வாரக் கூலியைப் பறித்தால் 3,000 ரூபாய் போகும். தேவைப்படும் கையிருப்பு 700-இலிருந்து 3,700 ரூபாயாக உயரும்.

மாதச் செலவை 9,950-இலிருந்து 9,650 ரூபாயாகக் குறைக்க முடிந்தால், அதாவது நாளுக்கு 10 ரூபாய், தொடக்கக் கையிருப்பே இல்லாமல் ஏப்ரல் முடிவில் 500 ரூபாய் மீதி நிற்கும். டிசம்பர் முடிவில் 3,800 ரூபாய். நாளுக்கு 10 ரூபாய் மிச்சம் பிடிப்பது இந்த வீட்டுக்கு எளிதல்ல. ஆனால் செலவில்லாத ஒரு வழி உண்டு. தினசரி நாட்காட்டியில் ஆண்டுத் தொடக்கத்திலேயே 52 சனிக்கிழமைகளையும் 52 புதன்கிழமைகளையும் வட்டமிட்டு, ஜனவரி 31, மே 30, ஆகஸ்ட் 29, அக்டோபர் 31 ஆகிய 4 தாள்களில் அடுத்த மாதங்களின் பெயரை எழுதி வைப்பதுதான் அது. அக்டோபர் 31-க்கு 8 நாள் கழித்து, நவம்பர் 8-இல் தீபாவளி. மாதச் செலவு 9,950 ரூபாயாகவே இருந்தால், அக்டோபர் முடிவில் கையில் இருக்கும் 2,400 ரூபாயில் நவம்பருக்கு 750, டிசம்பருக்கு 1,450, ஆக 2,200 ரூபாய் ஏற்கெனவே பேசப்பட்ட பணம். பண்டிகைக்கு மிஞ்சுவது 200 ரூபாய்.