எச்சமும் பார்ப்போரும்

முடிந்த கலைப்பொருள்களை முறைப்படுத்திக் காட்டும் இடமே கண்காட்சி என்பது நெடுங்காலம் நிலவிய கருத்தாகும். பார்ப்போரும் பங்குகொண்டு நிறைவாக்கும் கலை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பல நாடுகளில் பரவிற்று. பொருளைத் தொடுதலும் அசைத்தலுமே பங்கேற்பு எனக் கொள்வார் உளர். அது முழுதும் பொருந்துவதன்று. பார்ப்போர் செய்தற்கெனக் கலைஞர் எதனை விட்டுவைத்தார் என்பதே முதற்கண் வினவத்தக்கது.

செய்யுளுறுப்புகள் 34 எண்ணும் தொல்காப்பியர், களனையும் கேட்போரையும் எச்சத்தையும் உறுப்புகளாகவே வைத்தார். கூறாது விடப்பட்டதும் செய்யுளின் உறுப்பு, கேட்போரும் உறுப்பு. அவர் கண்காட்சியைக் கருதினார் என்பது எம் கருத்தன்று. எனினும் இப்புதுக் கலையை அளந்தறிய 'எச்சம்' என்னும் சொல் நமக்குப் பெரிதும் துணைசெய்யும்.

சிலி நாட்டில் 1973ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் படைத்தலைவர் பினோசே ஆட்சியைக் கைப்பற்றினார். அவ்வடக்குமுறைக் காலத்தே, 1979இல், தலைநகர் சாந்தியாகோவில் 'காதா' என்னும் கலைக்குழு தோன்றிற்று. கவிஞர் ராவுல் சுரீத்தா, புதின ஆசிரியை தியாமேலா எல்தித், ஓவியக் கலைஞர் லோட்டி ரோசன்ஃபெல்ட், உவான் காஸ்தில்யோ, சமூகவியலார் ஃபெர்னாந்தோ பால்செல்ஸ் ஆகிய ஐவர் அதன் உறுப்பினர். குழந்தை ஒவ்வொன்றுக்கும் நாள்தோறும் அரை லிட்டர் பால் என்பது கவிழ்க்கப்பட்ட அய்யெந்தே அரசின் திட்டம். அதனை நினைவூட்டுமாறு, ஏழையர் வாழும் லா கிராஞ்சா பகுதியில் இக்குழுவினர் 100 பால்பைகளை வழங்கினர். வெறும் பைகள் மீண்டு வந்து, பிற கலைஞர் படைப்புகளுக்கு அடித்தளமாயின. பின்னர்ப் பால்வண்டிகள் பத்தினை நகர வீதிகளில் அணிவகுத்துச் செலுத்தி, நுண்கலை அருங்காட்சியகத்தின் முகப்பை வெண்துணியால் மறைத்தனர். கலைக்கூடத்தின் வாயில் மூடிற்று, வீதியே கலைக்கூடமாயிற்று.

இவற்றினும் ஆழமானது 1983இல் நிகழ்ந்தது. 'நோ +' என்னும் இரு குறிகளைக் குழுவினர் இரவில் நகரச் சுவர்களில் எழுதினர். கூட்டற்குறி ஸ்பானிய மொழியில் 'மாஸ்' என ஒலிக்கும். 'இனி வேண்டா' என்பது பொருள். எது வேண்டா என்பதை அவர்கள் எழுதவில்லை. வழிச்செல்வோர் எழுதினர். பசி, சாவு, சித்திரவதை எனச் சுவர்தோறும் சொற்கள் வந்து சேர்ந்தன. விடுபட்ட பெயர் இறுதியில் நிற்பது ஸ்பானியத் தொடரமைதி; ஆதலின் சுவரின் எஞ்சிய பகுதி இயல்பாகவே எழுதுவார்க்கு இடமாயிற்று. தமிழில் 'பசி இனி வேண்டா' எனப் பெயர் முன்னே வருதலின், எழுதத் தொடங்குமுன்பே இடம் ஒதுக்க வேண்டியிருக்கும்! தொடரிலக்கணம் கலைக்குத் துணைநின்ற இடம் இது.

எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. எழுதுதலோ இடர்மிக்க செயல். எழுதப்பட்ட சொல்லுக்கு ஆசிரியர் எவர் என்னும் வினாவுக்கு அந்நாள் சிலியில் விடை கூறாமையே பாதுகாப்பாக இருந்தது.

இத்தகைய படைப்பைப் பின்னாளில் கண்காட்சிக்குக் கொணர்வோர் இடர்ப்படுகின்றனர். சட்டமிட்ட நிழற்படத்தில் சொல் நிரம்பிய சுவரே தெரியும். எழுதற்குரிய வெற்றிடம் இல்லை. சான்று நிலைக்கிறது, எச்சம் மறைகிறது. ஆவணத்தைக் காப்பது வேண்டற்பாலதே. அதனையே படைப்பெனப் பெயரிடுதல் பிழை என்பது எம் துணிபு.

சுரீத்தா பின்னர் நம் அண்டை நிலத்துக்கும் வந்தார். சங்கச் செய்யுள் போற்றும் முசிறியின் பெயர் தாங்கிய கொச்சி–முசிறி கலைவிழாவில், சுதர்சன் ஷெட்டி அமைப்பாளராயிருந்த 2016ஆம் ஆண்டில், 'துயரக் கடல்' என்னும் படைப்பை ஆஸ்பின்வால் மாளிகையில் அமைத்தார். நீண்ட கூடமொன்றில் கடல்நீர் நிரப்பப்பட்டிருந்தது. சுவர்களில் சிறு வினாக்கள். நீரில் நடந்து மறுகோடி சென்றாலன்றி இறுதிப் பாடலைப் படித்தல் இயலாது. 2015இல் கடலில் மாண்ட சிரியச் சிறுவன் காலிப் குர்திக்கு அது உரியது. கரையில் கிடந்த தம்பி ஆலனின் படத்தை உலகம் கண்டது. காலிப்புக்கு அவ்வாறு ஒரு படம் இல்லை.

இங்கே படிப்போர் கால் நனைகிறது; நடையே படிப்பின் வேகத்தை வரையறுக்கிறது. மெய்ப்பாடு என நம்மவர் ஆய்ந்ததற்கு இது நெருங்கி நிற்பது. ஆயினும் பாடல் முன்னரே முடிந்தது; வருவோர் அதில் ஒரு சொல்லையும் சேர்ப்பதில்லை. கொச்சிக் கூடம் உடலை அழைத்தது, சாந்தியாகோச் சுவர் சொல்லை அழைத்தது. ஊராரை ஈடுபடுத்தக் கருதும் அமைப்பாளர் இரண்டில் எதனை நாடுகிறார் என்பதைத் தொடக்கத்திலேயே தெளிதல் வேண்டும். பின்னதில் அவர் விரும்பாத சொல்லும் வந்து சேரும்.

பினோசே மேலும் எட்டாண்டு ஆளலாமா என்னும் வினாவுக்கு 1988 அக்டோபர் 5ஆம் நாள் சிலி மக்கள் 'நோ' என வாக்களித்தனர். அதன் பின்னும் அத்தொடர் ஓயவில்லை. தனியார் ஓய்வூதிய முறையை எதிர்த்து 2016இல் வீதியில் திரண்ட பெருங்கூட்டத்தார் ஏந்திய பதாகைகளிலும் 'நோ +' என்றே தொடங்கி, வேண்டாததன் பெயர் எழுதப்பட்டிருந்தது.