திரையில் தோன்றும் விகாரங்கள்

கணினித் திரையில் ஒரு செயலியின் ஜன்னல் மாத்திரம் கறுத்துப் போவதும், மூடிவிட்ட மெனுவின் நிழல் அவ்விடத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பதும், எழுத்துகள் பாதி வெட்டுண்டு நிற்பதும் நம்மில் பலர் கண்டு கலங்கிய காட்சிகளே. ஆயினும் உடனே புது மானிட்டர் வாங்கக் கடைக்கு ஓடுவது அவசரபுத்தி.

முதலில் செய்யத்தக்க பரீட்சை மிக எளியது. விகாரம் தெரியும் தருணத்திலேயே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைக் கைபேசிக்கு அனுப்பித் திறந்து பாருங்கள்: அந்தப் படத்திலும் அதே கோளாறு இருக்குமானால் தோஷம் கணினிக்குள்ளே, படம் நிர்மலமாக இருந்தால், பெரும்பாலும் மானிட்டரிலோ கேபிளிலோதான்.

திரையை வரையும் வேலையைப் பிராசசர் தானே செய்யாமல் கிராபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு வேகத்துக்கு உபகாரமானதே எனினும், அந்தச் சிப்பை இயக்கும் டிரைவர் பழையதாகவோ பழுதுள்ளதாகவோ இருக்கும்போது, வரைந்த சித்திரம் சிதைந்தே நம் கண்ணுக்கு வந்து சேருகிறது. குரோம் பிரவுசரின் செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’ என்ற பகுதிக்குச் சென்று, கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன் என்னும் இந்த ஏற்பாட்டை அணைத்து, பிரவுசரை மறுபடி தொடங்கிப் பாருங்கள். கோளாறு மறைந்தால் குற்றவாளி அகப்பட்டான். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி (B) என்னும் நான்கு விசைகளையும் ஒருங்கே அழுத்தினால், திரை ஒரு கணம் கறுத்து, டிரைவர் புதிதாகத் தொடங்கும். இதை அறியாமல் கணினியையே அணைத்துவிடுவோர் அநேகர்.

ஆக்சிலரேஷனை அணைத்தே வைத்திருப்பது சிகிச்சையாகாது, வீடியோக்கள் தடுமாறக்கூடும். கணினி தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே புதிய டிரைவரை இறக்கி நிறுவிய பின், ஆக்சிலரேஷனை மறவாமல் மீண்டும் இயக்கிவிடுங்கள்.