அச்சுப்பொறி வாங்கும் முன்

யானையை வாங்குவது எளிது. அதைக் கட்டித் தீனி போடுவதுதான் பெரும்பாடு என்பார்கள் நம் பெரியோர். வண்ண அச்சுப்பொறியும் அத்தகைய யானைதான். இந்த உண்மையை நான் நூலில் கற்கவில்லை. நம் சங்கத்தின் பணத்தைச் செலவழித்துக் கற்றேன்.

சென்ற கல்வியாண்டில் சங்க அறைக்கு ஓர் அச்சுப்பொறி வாங்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. இயற்பியல் படிப்பவன் ஏமாறமாட்டான் என்று செயற்குழுவினர் நம்பினர் போலும்! கடையில் இருந்தவற்றுள் விலை மிகக் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏதோ பெரிய வெற்றி பெற்றவன்போல் தோளில் சுமந்து வந்தேன். சில மாதங்கள் அது நன்றாகவே உழைத்தது. பிறகு கோடை விடுமுறை வந்தது. நாம் எல்லோரும் ஊருக்கு ரயில் ஏறினோம். அச்சுப்பொறி மட்டும் தில்லி வெயிலில், பூட்டிய அறையில், இரண்டு மாதம் தனித்துக் கிடந்தது.

திரும்பி வந்து புதுமுக மாணவர் வரவேற்பு விழாவிற்கு அழைப்பிதழ் அச்சிட முயன்றபோது நீல நிறம் வரவில்லை. தூய்மைப்படுத்தும் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தேன். மை தீர்ந்ததே ஒழிய நீலம் வரவில்லை. விழாவோ மறுநாள். வெளிக்கடைக்கு ஓடிப் பக்கத்திற்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து அச்சிட்டு வந்தோம். அந்தப் பணம் உறுப்பினர்கள் தந்த சந்தா. தேநீரைக் குறைத்துக்கொண்டு தந்தவர்களும் அவர்களுள் உண்டு.

இப்போது சங்கம் மீண்டும் ஓர் அச்சுப்பொறி வாங்க எண்ணியிருக்கிறது. நாளை நம்மில் பலரும் ஐந்தாறு பேர் பணியாற்றும் சிறு அலுவலகங்களில் இதே முடிவை எடுக்க நேரும். ஆதலின் நான் பட்டறிந்ததை எழுதி வைப்பது என் கடன்.

ஈரமும் தூளும்

கடையில் இருப்பவை பெரும்பாலும் இரண்டே இனம். ஒன்று ஈர மையைத் தெளிப்பது. மற்றொன்று உலர்ந்த தூளை உருக்கி ஒட்டுவது.

முதல் இனம் இங்க்ஜெட். தலைமயிரைவிட மெல்லிய துளைகள் வழியே மைத்துளிகளைத் தாளின்மீது எறிகிறது. சில பொறிகளில் நுண்ணிய சூடேற்றி ஒன்று மையைக் கொதிக்கச் செய்ய, எழும் ஆவிக்குமிழி துளியை வெளியே தள்ளுகிறது. வேறு சிலவற்றில் மின்னழுத்தத்தால் வளையும் படிகம் அப்பணியைச் செய்கிறது. எப்படியாயினும் மை நீர்மமே. நாள்தோறும் ஓடினால் துளை அடைபடாது. நெடுநாள் சும்மா இருந்தால் நீர் ஆவியாகிவிடும். எஞ்சிய சாயம் துளையை அடைத்துவிடும். அடைப்பை நீக்கப் பொறி தன் மையையே பீய்ச்சிக் கழுவுகிறது. கழிந்த மை உள்ளே ஒரு பஞ்சுத் திண்டில் போய்ச் சேர்கிறது. மையும் வீண், திண்டும் ஒருநாள் நிறைந்துவிடும். பெரிய தொட்டியில் புட்டி மையை ஊற்றிக்கொள்ளும் பொறிகளும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. அவற்றில் பக்கச் செலவு மிகக் குறைவு. ஆனால் ஈரத்தின் இயல்பு அவற்றுக்கும் உண்டு.

இரண்டாம் இனம் லேசர். இதன் வேர் 1938 அக்டோபர் 22-ஆம் நாளில் இருக்கிறது. அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாப் பகுதியில் செஸ்டர் கார்ல்சன் என்பவர், கந்தகம் பூசிய தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னூட்டினார். எழுத்து வரைந்த கண்ணாடி வழியே ஒளியைப் பாய்ச்சினார். தகட்டின்மீது தூளைத் தூவி, ஒட்டிக்கொண்டதைத் தாளுக்கு மாற்றினார். இன்றைய லேசர் பொறியும் அதே வித்தையைத்தான் செய்கிறது. தகட்டுக்குப் பதில் சுழலும் உருளை. விளக்குக்குப் பதில் லேசர். லேசர் வரைந்த இடத்தில் டோனர் எனப்படும் தூள் ஒட்டுகிறது, தாளுக்கு மாறுகிறது, இறுதியில் சூடான உருளைகளுக்கிடையே உருகிப் படிகிறது. நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு என நான்கு தூள்கள் சேர்ந்து எல்லா நிறங்களையும் காட்டுகின்றன.

இந்தத் தூள் இரண்டு மாதம் சும்மா கிடந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. உலர்ந்து போவதற்கு அதில் ஈரமே இல்லையே!

கணக்கு என்ன சொல்கிறது?

பொறியின் விலையை மட்டும் பார்த்தது என் முதற்பிழை. மைப்பெட்டியின் விலையை, அது தரும் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் பக்கச் செலவு கிடைக்கும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பக்க எண்ணிக்கையை அளக்க உலகப் பொது முறைகள் உள்ளன: வண்ண இங்க்ஜெட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 24711, வண்ண டோனருக்கு ஐ.எஸ்.ஓ. 19798. அவை மாதிரிப் பக்கங்களைத் தொடர்ந்து அச்சிட்டுப் பெற்ற அளவுகள். பக்கம் முழுதும் நிறம் நிரம்பிய சுவரொட்டிக்கு மை பன்மடங்கு ஆகும் என்பதை மறத்தல் ஆகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை கடைவிலை அல்ல. கணக்கிற்காக வைத்துக்கொண்ட எண்கள். முதற்பொறி 5,000 ரூபாய். பக்கத்திற்கு 6 ரூபாய். இரண்டாம் பொறி 30,000 ரூபாய். பக்கத்திற்கு 3 ரூபாய். விலை வேற்றுமை 25,000. பக்கத்திற்குப் பக்கம் மிச்சம் 3. வகுத்தால் ஏறத்தாழ 8,333 பக்கங்கள். அந்த எல்லையைக் கடந்தபின் விலை மிகுந்த பொறியே மலிவான பொறி!

மாதம் 1,000 பக்கம் அச்சிடும் அலுவலகம் அந்த எல்லையை ஒன்பதாம் மாதத்திலேயே தாண்டிவிடும். நம் சங்கமோ மாதம் 300 பக்கம், ஆண்டில் ஒன்பது மாதம் அச்சிடுவதாகக் கொண்டால், மூன்றாண்டில் 8,100 பக்கம். முதற்பொறிக்கு மொத்தம் 53,600 ரூபாய். இரண்டாம் பொறிக்கு 54,300 ரூபாய். வேற்றுமை வெறும் 700. அதாவது, நம் வழக்கில் விலை தீர்ப்பளிக்கவில்லை. விடுமுறைதான் தீர்ப்பளிக்கிறது. நாள் தவறாமல் நிறைய அச்சிடும் அலுவலகத்திற்கு மைத்தொட்டிப் பொறி ஏற்றது. விட்டு விட்டு அச்சிட்டு, மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் அறைக்கு லேசரே ஏற்றது. ஒளிப்படங்களின் அழகில் நல்ல இங்க்ஜெட்டுக்கு லேசர் ஈடாகாது, உண்மைதான். ஆனால் நமக்கு வேண்டியவை அழைப்பிதழும் அறிவிப்பும் இதழின் மெய்ப்புப் படியும் அல்லவா?

ஐவருக்கு ஒரு பொறி

பலர் பகிரும் பொறிக்கு ஈதர்நெட் துளை இருத்தல் நலம். வைஃபை வசதியானது, ஆனால் விடுதிகளும் ஆய்வகங்களும் நெருங்கிய வளாகத்தில் அதன் அலைவரிசையில் கூட்டம் மிகுதி. கம்பி 100 மீட்டர் வரை தயக்கமின்றிச் செல்லும்.

பொறிக்கு வலையில் நிலையான முகவரி ஒதுக்கச் செய்யுங்கள். முகவரி தானாக மாறும்படி விட்டுவிட்டால், வீடு மாறிய நண்பருக்குப் பழைய முகவரியில் கடிதம் போட்ட கதைதான். பொறி நலமாக இருக்கும். கணினியோ 'அச்சுப்பொறியைக் காணவில்லை' என்னும். பல நாள் பழுது என்று நாம் எண்ணுவது இதுவே.

முதல் நாளே பொறியின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வெளி இணையத்திற்கு அதைத் திறந்து வைக்காதீர்கள். 2018-ஆம் ஆண்டு, அவ்வாறு திறந்து கிடந்த பல்லாயிரம் அச்சுப்பொறிகளில், யாரோ ஒருவர் தொலைவிலிருந்தே விளம்பரத் தாள்களை அச்சிட்டுக் காட்டினார்.

கடையில் கேட்க வேண்டியவை

நேரு பிளேஸுக்குப் போனாலும் வேறெங்குப் போனாலும் இவற்றைக் கேளுங்கள். பொறியோடு வரும் டோனர் முழு அளவா, தொடக்கப் பெட்டியா? தொடக்கப் பெட்டி விரைவில் தீரும். நான்கு நிறமும் ஒன்றாகத் தீர்ந்தால் பை கனக்காது! ஒரு நிறம் தீர்ந்தால் கறுப்பிலாவது அச்சிடுமா? உருளையைத் தனியே மாற்ற வேண்டுமா? பரிந்துரைக்கும் மாதப் பக்க அளவு என்ன? தாளின் இருபுறமும் தானே அச்சிடுமா? லினக்ஸிலும் கைப்பேசியிலும் இயங்குமா? பழுது பார்ப்போர் இந்நகரில் உண்டா?

கேட்பதோடு நில்லாமல் ஒரு தமிழ்க் கோப்பைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே அச்சிட்டுப் பாருங்கள். எழுத்துருவை உள்ளடக்காத கோப்பில் கொம்பு ஓரிடமும் கால் வேறிடமுமாய்ச் சிதறக்கூடும். எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எஃப். ஆக்கிக்கொண்டால் இத்தொல்லை பெரும்பாலும் தீரும்.

இன்னொன்று. லேசர் பொறியைச் சிறிய யு.பி.எஸ்.ஸில் மாட்டாதீர்கள். உருக்கும் உருளை சூடேறும் கணத்தில் அது இழுக்கும் மின்சாரத்தைக் கணினிக்கென வாங்கிய யு.பி.எஸ். தாங்காது. சுவரில் உள்ள நல்ல மின்துளையே அதற்கு உரிய இடம்.

தோழர்களே, செயற்குழு அடுத்து கூடும்போது 'எது மலிவு?' என்று முதலில் கேட்க வேண்டாம். 'நாம் எத்தனை பக்கம் அச்சிடுகிறோம்? எத்தனை நாள் சும்மா விடுகிறோம்?' என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்விகள் இவையே. அடுத்த வரவேற்பு விழாவின் அழைப்பிதழ் நம் அறையிலேயே, நீலம் குறையாமல் அச்சாகட்டும்!