ஜவ்வாது மலையில் வீசும் பாட்டில் மறுபடியும் பாட்டில் ஆகுமா? கெமிக்கல் ரீசைக்ளிங் என்றால் என்ன?

ஜவ்வாது மலைக்குச் சுற்றுலா போறவங்க கையில் தண்ணீர் பாட்டிலும் சிப்ஸ் பாக்கெட்டும் கட்டாயம் இருக்கும். பீமன் நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டு, இரண்டையும் ஒரே தொட்டியில் (தொட்டியில் போட்டால் நல்லது!) போட்டுவிட்டு இறங்குகிறோம். ஆனால் மறுசுழற்சியில் இரண்டும் வேற வேற கதை.

பாட்டிலை வழக்கமாக என்ன செய்கிறார்கள்?

கழுவி, தூளாக்கி, உருக்கி, பெரும்பாலும் நூலாக இழுக்கிறார்கள். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் தரம் குறையும். சாயமும் அழுக்கும் கூடவே வரும்.

கெமிக்கல் ரீசைக்ளிங் இங்கேதான் மாறுபடுகிறது. பாசிமணி மாலையை அறுத்து, மணிகளைக் கழுவி, புதுசாகக் கோர்ப்பது போல. பாட்டில் செய்யப்படும் 'பெட்' பிளாஸ்டிக், எத்திலீன் கிளைக்கால், டெரிப்தாலிக் அமிலம் என்ற இரண்டு பொருட்கள் மாறி மாறிக் கோர்த்த நீளச் சங்கிலி. அதை எத்திலீன் கிளைக்காலிலேயே போட்டு, வினையூக்கி சேர்த்து, சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூடாக்கினால் கண்ணிகள் பிரிந்துவிடும். கிடைக்கும் மூலப்பொருளைச் சுத்தப்படுத்தினால், அதிலிருந்து புது பாட்டிலே செய்யலாம்.

சிப்ஸ் பாக்கெட்டுக்கு ஏன் இது முடியாது?

அது ஒரே பிளாஸ்டிக் கிடையாது. பல படலங்களை ஒட்டி, நடுவில் மெல்லிய அலுமினியப் பூச்சு. அதிலுள்ள பாலிப்ரோப்பிலீன், பாலித்தீன் போன்றவற்றில் 'பெட்'டில் இருப்பது போல எளிதில் பிரியும் இணைப்புகளும் இல்லை. காற்றில்லாத உலையில் 400 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் சங்கிலி கண்ட இடத்தில் அறுந்து எண்ணெய், வாயு, கரி என்று வரும். இதற்குப் பெயர் பைராலிசிஸ். அந்த எண்ணெயை எரிபொருளாக எரித்துவிட்டால் அது மறுசுழற்சியா என்று உலகம் முழுக்க சண்டை நடக்கிறது. கேள்வி நியாயமானதுதான். இதில் பி.வி.சி. கலந்துவிட்டால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு வேறு கிளம்பி, உலையையே அரித்துவிடும்.

ஆக, எந்த முறையானாலும் ஆலைக்கு வேண்டியது பிரித்து வைத்த குப்பை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. கைப்பை, தண்ணீர் பாக்கெட் எல்லாம் அதில் உண்டு. தண்ணீர் பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லை.

பாலாற்றில் கலக்கும் செய்யாறு பிறப்பதே இந்த மலையில்தான். ஓடையில் வீசிய பாட்டில் மழை வந்தால் ஆற்றோடு போய்விடும். காலி பாட்டிலைக் கீழே கொண்டுவந்தால் பழைய பேப்பர் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். சிப்ஸ் பாக்கெட்டை நீட்டிப் பாருங்கள், தொடக்கூட மாட்டார்.