பார்பர் போல் சுருட்டு

பார்பர் போல் சுருட்டு என்பது வெவ்வேறு நிறமுள்ள இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட புகையிலைகளை மேலுறையாகச் சாய்வாகச் சுற்றிச் செய்யப்படும் சுருட்டு வகை ஆகும். இதன் நீளம் முழுவதும் வெளிர் பட்டையும் கரும்பட்டையும் மாறி மாறித் திருகிச் செல்லும். வண்ணம் பூசியது போலத் தோன்றினாலும் இந்தப் பட்டைகளுக்குச் சாயமோ வண்ணத் தாளோ பயன்படுவதில்லை. நிறங்கள் எல்லாம் இலையின் நிறங்களே. டொமினிக்கன் குடியரசு, நிக்கராகுவா, ஹொண்டுராஸ் ஆகிய நாடுகளின் கைச்சுருட்டுத் தொழிலகங்களில் இவ்வகை செய்யப்படுகிறது.

பெயர்

மேலை நாடுகளில் முடிதிருத்தகங்களின் வாசலில் சிவப்பும் வெள்ளையும் திருகிச் செல்லும் கம்பம் ஒன்றை அடையாளமாக வைப்பது வழக்கம். அமெரிக்காவில் அதில் நீலமும் சேரும். அக்கம்பத்தின் ஆங்கிலப் பெயரே இச்சுருட்டுக்கும் வந்தது. ஆங்கிலத்தில் சிலவகைச் சுருட்டுகளைக் குறிக்கும் 'செரூட்' என்ற சொல், தமிழின் 'சுருட்டு' என்ற சொல்லிலிருந்து பிறந்ததாகும்.

சுருட்டின் அமைப்பு

கைச்சுருட்டில் மூன்று பகுதிகள் உண்டு. நடுவில் இருப்பது உள்ளிலை. அதைச் சேர்த்துப் பிடித்து உருவம் கொடுப்பது கட்டிலை. கண்ணுக்குத் தெரியும்படி வெளியே சுற்றப்படுவது மேலிலை. மேலிலை கிழிசல், துளை, தடித்த நரம்பு ஆகியவை இல்லாமல் மெல்லியதாகவும் இழுத்தால் நெகிழ்ந்து கொடுப்பதாகவும் இருக்க வேண்டும். எனவே புகையிலையில் விலை கூடியது மேலிலைதான். சாதாரணச் சுருட்டுக்கு ஒரு மேலிலை போதும். பார்பர் போல் சுருட்டுக்குக் குறைந்தது இரண்டு வேண்டும்.

நிறங்கள் உண்டாகும் விதம்

புகையிலையின் நிறத்தை முடிவு செய்பவை செடியின் வகை, வெயிலின் அளவு, பறித்த பின் பதப்படுத்தும் முறை ஆகிய மூன்றும் ஆகும்.

வெளிர் பழுப்பு: அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1900ஆம் ஆண்டு முதல் துணிப்பந்தலின் கீழ் புகையிலை பயிரிடப்படுகிறது. நேர்வெயில் படாததால் இலை மெல்லியதாகவும் வெளிர் நிறமாகவும் அமைகிறது.

கரும்பழுப்பு: இது 'மதுரோ' எனப்படும். ஸ்பானிய மொழியில் இச்சொல்லுக்குப் 'பழுத்தது' என்பது பொருள். தடித்த இலைகளை அடுக்கிக் குவித்து நெடுநாள் நொதிக்க விடுவார்கள். குவியலுக்குள் தானாகவே எழும் வெப்பத்தில் இலை கறுக்கிறது.

பச்சை: இது 'கேண்டெலா' எனப்படும். பொதுவாகப் பறித்த இலையைக் கொட்டகையில் பல வாரங்கள் காற்றில் உலர விடுவார்கள். அந்நாட்களில் பச்சையம் சிதைந்து இலை மஞ்சளாகிப் பின் பழுப்பாகும். கேண்டெலா இலையை அவ்வாறு விடாமல், சூடேற்றிய கொட்டகையில் சில நாட்களிலேயே உலர்த்தி விடுவார்கள். பச்சையம் சிதையுமுன் ஈரம் போய்விடுவதால் பச்சை நிறம் நிலைத்து விடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் இப்பச்சைச் சுருட்டு பெரிதும் விரும்பப்பட்டது.

சுற்றும் முறை

தொழிலாளி முதலில் இலையின் நடுநரம்பை நீக்கி, இடப்பாதி வலப்பாதி எனப் பிரிக்கிறார். இடப்பாதி ஒரு திசையிலும் வலப்பாதி எதிர்த்திசையிலும் சுற்றப்பட வேண்டும். ஆகவே ஒரு சுருட்டுக்கு ஒரே பக்கத்துப் பாதிகளையே எடுக்க வேண்டியுள்ளது. 'சவேட்டா' எனப்படும் வளைந்த தகட்டுக் கத்தியால் இலைகளை நீண்ட பட்டைகளாக வெட்டுகிறார். பின்னர் ஒன்றின் ஓரம் மற்றொன்றின் கீழிருந்து சிறிது வெளியே தெரியுமாறு வைத்து, இரண்டையும் சேர்த்துச் சுற்றுகிறார். முதல் மேலிலையை முழுவதும் சுற்றியபின், அதன்மேல் மெல்லிய பட்டையைத் திருகாக ஓட்டும் முறையும் உண்டு. கடைசியில் சுவையற்ற தாவரப் பசையால் நுனியை ஒட்டி முடிக்கிறார்.

இதன் கடினம் பட்டைகளின் அகலத்தைச் சீராக வைப்பதில் மட்டும் இல்லை. மெல்லிய இலை ஓர் அளவுக்கும் தடித்த இலை வேறோர் அளவுக்கும் நெகிழும். இழுப்பு கூடினால் மெல்லியது கிழியும். குறைந்தால் தடித்தது தளரும். காற்றின் ஈரம் குறையும்போது இரண்டும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அதனால் விளிம்பு பிரிந்து வர வாய்ப்புண்டு. எரியும் வேகமும் வேறுபடுவதால் சுருட்டு கோணலாக எரியலாம். ஒரு நேர்த்தியான பார்பர் போல் சுருட்டு தொழிலாளியின் கைத்தேர்ச்சிக்குச் சான்றாகக் கருதப்படுவது இதனால்தான். அமெரிக்காவின் டாம்பா நகரில் 1912இல் தொடங்கி இன்று டொமினிக்கன் குடியரசில் இயங்கும் ஆர்ட்டுரோ ஃபுவென்டே போன்ற பழைய நிறுவனங்களும் இவ்வகையைச் செய்துள்ளன.

பிற அலங்காரங்கள்

குலேப்ரா: ஸ்பானிய மொழியில் 'பாம்பு' என்று பொருள். மூன்று மெல்லிய சுருட்டுகளை ஈரமாக இருக்கும்போதே பின்னல் போல முறுக்கி நூலால் கட்டுவார்கள். பிடிப்பவர் அதைப் பிரித்துத் தனித்தனியாகப் பயன்படுத்துவார்.

பன்றிவால் நுனி: தலைப்பகுதியில் மிஞ்சும் மேலிலையை வெட்டிவிடாமல் சிறு வாலாக முறுக்கி விடுவது.

தாள் வளையம்: சுருட்டின் மீது மாட்டப்படும் அச்சிட்ட தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹவானாவில் சுருட்டுத் தொழில் நடத்திய குஸ்தாவ் போக் இதைத் தொடங்கினார் எனப் பரவலாகக் கூறப்படுகிறது. பிரபுக்களின் வெள்ளைக் கையுறையில் கறை படியாதிருக்கவே வளையம் வந்தது என்ற கதையும் உண்டு. எனினும், தம் சரக்கைப் போலியிலிருந்து பிரித்துக் காட்டும் தேவை வணிகருக்கு இருந்தது. அமெரிக்காவில் குழந்தை பிறந்தால் நண்பர்களுக்குச் சுருட்டு வழங்கும் வழக்கத்தை ஒட்டி, ஆண் அல்லது பெண் குழந்தை என அச்சிட்ட வளையங்களும் வந்தன.

அலங்காரமும் உடல்நலமும்

மேலிலை மாறினால் மணமும் சுவையும் ஓரளவு மாறும். புகையின் நச்சுத்தன்மை மாறாது. சாயம் இல்லை, இயற்கை இலை என்பதால் தீங்கு குறைவு என்று கருதுவதும் தவறு. எந்த நிற இலையாயினும் எரியும்போது தாரும் கார்பன் மோனாக்சைடும் வெளிவரும். ஒரு பெரிய சுருட்டில் ஒரு பெட்டி சிகரெட்டில் உள்ள அளவு புகையிலை இருக்கக்கூடும். சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. ஆதலால் அதை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாயின் உட்தோல் வழியாகவே நிக்கோட்டின் உடலில் சேரும். வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோய் வர இது காரணமாகிறது.

கவர்ச்சியான தோற்றம் இளையோரை ஈர்க்கும் என்பதால் பல நாடுகள் புகையிலைப் பொருள்களின் உறைகளைக் கட்டுப்படுத்துகின்றன. இந்தியாவில் 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம் சுருட்டுகளுக்கும் பொருந்தும். 18 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதும், கல்வி நிறுவனங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதும் குற்றம். 2016ஆம் ஆண்டு முதல் உறையின் முக்கியப் பக்கங்களில் 85 விழுக்காட்டை எச்சரிக்கைப் படமும் வாசகமும் நிரப்ப வேண்டும். இந்த எச்சரிக்கை இருப்பது பெட்டியின் மேல்தான். பெட்டியிலிருந்து எடுத்துத் தனியாக நீட்டப்படும் சுருட்டில் கண்ணில் படுவது அதன் வண்ணப் பட்டைகள் மட்டுமே.